ஹாட் ராட் மாதிரித் தானுந்துகளில் காலப்பொருத்தமான சக்கரங்கள்

காலப்பொருத்தமான சக்கரங்கள் என்பது, பழைய பாணி ஹாட் ராட் ஒன்றின் சிறிய மாதிரியை உருவாக்கும்போது, அம்மாதிரி எந்த ஆண்டின் வண்டியைக் காட்டுகிறதோ அந்த ஆண்டில் உண்மையில் கிடைத்த சக்கரங்களையும் டயர்களையும் மட்டுமே பொருத்தும் வழக்கத்தைக் குறிக்கும். ஹாட் ராட் என்பது பழைய அமெரிக்கத் தானுந்து ஒன்றின் எடையைக் குறைத்து, எஞ்சினின் ஆற்றலைக் கூட்டி, விரைந்து ஓடுமாறு மாற்றியமைக்கப்பட்ட வண்டி ஆகும். இத்தகைய வண்டிகளின் 1:24, 1:25 அளவு மாதிரிகளைப் பாகம் பாகமாக ஒட்டி உருவாக்குவது ஐக்கிய அமெரிக்காவில் 1950களின் இறுதியிலிருந்து பரவலான பொழுதுபோக்காக உள்ளது.

ஹாட் ராட்டின் உடற்கூடு பெரும்பாலும் 1920களிலோ 1930களிலோ தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதே உடற்கூட்டை ஒருவர் 1940இல் மாற்றியமைத்திருக்கலாம். வேறொருவர் 1963இல் மாற்றியமைத்திருக்கலாம். எனவே உடற்கூட்டை மட்டும் பார்த்து ஹாட் ராட்டின் காலத்தைக் கூற இயலாது. அதனை எளிதில் காட்டிக்கொடுப்பவை சக்கரங்களும் டயர்களுமே.

அடிப்படை விதி

ஒரு வண்டியில் உள்ள பாகங்களுள் எது மிகப் பிந்தியதோ, அதுவே வண்டியின் காலத்தை முடிவு செய்கிறது. தொல்லியலிலும் இதே முறை உள்ளது. ஒரு புதையலில் பல நூற்றாண்டுகளின் நாணயங்கள் கலந்திருந்தால், அவற்றுள் கடைசியாக அச்சிடப்பட்ட நாணயத்தின் ஆண்டுக்கு முன் அப்புதையல் புதைக்கப்பட்டிருக்க முடியாது.

இவ்விதி ஒரு திசையில் மட்டுமே கண்டிப்பானது. 1948ஆம் ஆண்டின் ஹாட் ராட்டில் 1932ஆம் ஆண்டின் சக்கரம் இருக்கலாம். பணம் இல்லாத இளைஞர் பழையதையே வைத்திருந்திருக்கக் கூடும். ஆனால் அதில் 1964ஆம் ஆண்டின் சக்கரம் இருக்க முடியாது. மாதிரியின் மற்ற பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த ஒரு சக்கரம் முழு மாதிரியையும் 1964க்கு நகர்த்திவிடும்.

பின்னணி

ஹாட் ராட்டுகள் தென் கலிபோர்னியாவில் தோன்றின. 1930களில் அங்குள்ள மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் தங்கள் வண்டிகளை ஓட்டி வேகத்தை அளந்தனர். தென் கலிபோர்னிய வேகப் போட்டிச் சங்கம் 1937இல் உருவானது. ஹாட் ராட் என்னும் இதழ் 1948 சனவரியில் வெளிவரத் தொடங்கியது. யூட்டா மாநிலத்தின் பொன்னவில் உப்புச் சமவெளியில் முதல் வேக வாரம் 1949இல் நடைபெற்றது. தேசிய ஹாட் ராட் சங்கம் 1951இல் நிறுவப்பட்டது.

இவ்வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஃபோர்டு நிறுவனத் தானுந்துகளே அடிப்படையாக அமைந்தன. அவை மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தன. 1932இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சின், எளிய மக்கள் வாங்கும் விலையில் கிடைத்த வண்டிக்கு எட்டு உருளைகளின் ஆற்றலைத் தந்தது. ஹாட் ராட்டைக் கட்டியவர்கள் புதிய பாகங்களை வாங்குவதைவிட, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் களங்களில் தேடுவதே வழக்கம். ஆகவே ஒரு வண்டியில் எந்தச் சக்கரம் ஏறும் என்பதை அழகு மட்டும் முடிவு செய்யவில்லை. விலை, கிடைக்கும் தன்மை, போல்ட்டுத் துளைகளின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்தன.

டயர் அளவுகளைப் படிக்கும் முறை

பழைய டயர்களின் அளவு 6.00-16 என்பது போல எழுதப்படும். முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் அது ஏறும் சக்கரத்தின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. அக்கால டயர்களின் பக்கச்சுவர் உயரம் ஏறத்தாழ அவற்றின் அகலத்துக்குச் சமம். எனவே முழு விட்டத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம்:

முழு விட்டம் = சக்கர விட்டம் + (2 × டயர் அகலம்)

6.00-16 டயரின் விட்டம் 16 + 12 = 28 அங்குலம். 7.00-16 டயரின் விட்டம் 16 + 14 = 30 அங்குலம். இக்காலத் தாழ்ந்த ரேடியல் டயர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது; அவற்றின் பக்கச்சுவர் அகலத்தைவிட மிகக் குறைவான உயரம் உடையது. மெல்லிய பக்கச்சுவரும் பெரிய சக்கரமும் கொண்ட ஒரு மாதிரியைப் பார்த்தவுடன் அது அண்மைக்காலத்து வண்டி என்று தோன்றுவதன் காரணம் இதுவே.

காலவரிசை

போருக்கு முந்திய காலம் (1941 வரை)

ஃபோர்டு டி மாதிரி (1908–1927) பெரும்பாலும் மர ஆரக்கால்கள் கொண்ட சக்கரங்களில் ஓடியது. 1928 முதல் 1935 வரையான ஃபோர்டுகளில் எஃகு ஆரக்கம்பிகள் பற்றவைக்கப்பட்ட சக்கரங்கள் இருந்தன. அவற்றின் விட்டம் படிப்படியாகக் குறைந்துவந்தது:

1928–1929: 21 அங்குலம்
1930–1931: 19 அங்குலம்
1932: 18 அங்குலம்
1933–1934: 17 அங்குலம்
1935: 16 அங்குலம்

மாதிரி உருவாக்குவோருக்கு இப்பட்டியல் மிகவும் பயனுள்ளது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் 1932 ஃபோர்டைக் காட்ட வேண்டுமாயின் 18 அங்குலச் சக்கரம் தேவை. 16 அங்குல ஆரக்கம்பிச் சக்கரம் ஏறியிருந்தால், அவ்வண்டி பின்னர் மாற்றியமைக்கப்பட்டது என்று பொருள்.

1936இல் ஃபோர்டு ஆரக்கம்பிகளைக் கைவிட்டு, தகட்டை அழுத்தி உருவாக்கிய எஃகுச் சக்கரங்களுக்கு மாறியது. 1936 முதல் 1939 வரையான சக்கரங்களில் ஐந்து போல்ட்டுகளும் 10¼ அங்குல விட்டமுள்ள பெரிய வட்டத்தில் அமைந்திருந்தன. இவற்றின் நடுவில் அகன்ற திறப்பு உண்டு. பிரேக் டிரம்மே சக்கரத்தின் நடுப்பகுதி போலத் தோன்றும். 1940இல் போல்ட்டு வட்டம் 5½ அங்குலமாகச் சுருங்கியது. எனவே 1939 சக்கரத்தை 1940 டிரம்மில் மாட்ட இயலாது. மாதிரியிலும் சக்கரத்தையும் அதன் பின்னால் தெரியும் டிரம்மையும் ஒரே குடும்பத்திலிருந்து எடுக்க வேண்டும்.

போர்க்காலம் (1942–1945)

போருக்கு முன் அமெரிக்க டயர்களுக்கான இயற்கை இரப்பர் பெருமளவில் மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தது. மலாயத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் ஆவர். 1942இன் தொடக்கத்தில் அப்பகுதிகள் சப்பானியர் வசமானதால் அமெரிக்காவுக்கு இரப்பர் வருவது தடைப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் அங்கு டயர்களுக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான தானுந்து உற்பத்தியும் நின்றது. ஆகவே 1943ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரியில் நான்கு புத்தம் புதிய வெள்ளைப்பக்க டயர்கள் இருப்பது வரலாற்றோடு பொருந்தாது. தேய்ந்தவையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையுமான கறுப்பு டயர்களே பொருந்தும். போர் முடிந்த பின்னும் சிறிது காலம் வெள்ளைப்பக்க டயர்கள் அரிதாகவே இருந்தன.

போருக்குப் பிந்திய காலம் (1946–1954)

இக்காலத்தின் அடையாளம் 1940களின் ஃபோர்டு எஃகுச் சக்கரம் ஆகும். 16 அங்குல விட்டமுள்ள இச்சக்கரம் சிவப்பு, வெண்மஞ்சள் முதலிய நிறங்களில் பூசப்பட்டு, நடுவில் சிறிய குரோமிய மூடியுடன் காணப்படும். ஃபோர்டு 1939இல் நீர்ம அழுத்த பிரேக்குகளை அறிமுகப்படுத்தியிருந்தது. பழைய வண்டியின் கம்பி இழுக்கும் பிரேக்குகளை நீக்கிவிட்டு இவற்றைப் பொருத்தியவர்கள், அவற்றோடு சேர்ந்த சக்கரத்தையும் பொருத்தினர். சக்கரத்தின் மாற்றம் பல வண்டிகளில் பாதுகாப்பின் மாற்றத்தையும் காட்டுகிறது.

முன்பக்கம் 5.50-16 போன்ற சிறிய டயரும் பின்பக்கம் 7.00-16 போன்ற பெரிய டயரும் இடுவது வழக்கமானது. இதனால் வண்டி முன்னோக்கிச் சாய்ந்த தோற்றம் பெறும். இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் 28 அங்குல டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,190 முறையும், 30 அங்குல டயர் ஏறத்தாழ 1,110 முறையும் சுழலும். பின்னச்சின் பல்லிணை விகிதம் 4.11 எனக் கொண்டால், எஞ்சினின் சுழற்சி 4,900இலிருந்து 4,580ஆகக் குறையும். பல்லிணையை மாற்றாமல், டயரை மட்டும் மாற்றியே எஞ்சினின் சுழற்சியைக் குறைக்க இது வழிசெய்தது.

இண்டியானாபொலிசு ஓட்டப்பந்தய வண்டிகளுக்காக டெட் ஹாலிபிராண்ட் உருவாக்கிய மக்னீசியச் சக்கரங்கள் 1940களின் இறுதியில் வந்தன. பின்னாளில் வார்ப்புச் சக்கரங்கள் அனைத்தும் மேக் சக்கரம் எனப்பட்டதற்கு மக்னீசியம் என்னும் சொல்லே மூலம் ஆகும். ஆனால் தெருவில் ஓடிய சாதாரண இளைஞரின் வண்டிக்கு இவை விலை மிகுந்தவை. பந்தய வண்டியின் மாதிரியில் இவை இயல்பானவை; சாதாரண வண்டியின் மாதிரியில் தக்க காரணம் வேண்டும்.

குரோமியக் காலம் (1955–1964)

தானுந்து நிறுவனங்கள் 15 அங்குலச் சக்கரங்களுக்கு மாறியபின், ஹாட் ராட்டுகளிலும் 16 அங்குலம் குறைந்தது. 1957இல் ஃபோர்டு, செவ்ரோலெ ஆகியவை 14 அங்குலத்துக்குச் சென்றன. சாதாரண எஃகுச் சக்கரத்தின் வெளிவளையத்தைக் கழற்றி, திருப்பிப் பற்றவைத்து, குரோமியம் பூசிய புரட்டிய சக்கரங்கள் இக்காலத்தின் அடையாளம் ஆயின. இவற்றில் ஆழமான பகுதி வெளிப்புறம் அமையும். 1953 ஓல்ட்ஸ்மொபைல் ஃபியெஸ்டாவின் மூன்று கை கொண்ட சக்கர மூடி பிற வண்டிகளிலும் விரும்பி மாட்டப்பட்டது. டீன் மூன் விற்ற வழவழப்பான அலுமினிய வட்டத்தட்டுகள், காற்றுத் தடையைக் குறைக்கும் நோக்கில் உப்புச் சமவெளி வண்டிகளில் பயன்பட்டன.

கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயங்கள் பரவியதால், வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர்கள் பின்சக்கரங்களில் தோன்றின. வெள்ளைப்பக்க டயர்களைப் பொறுத்தவரை 1962 ஒரு முக்கியமான எல்லை ஆகும். அதுவரை அகலமாக இருந்த வெள்ளை வளையம், அவ்வாண்டின் புதிய அமெரிக்கத் தானுந்துகளில் ஏறத்தாழ ஓர் அங்குலமாகச் சுருங்கியது. குறுகிய வெள்ளை வளையம் உள்ள டயரை 1955 வண்டியின் மாதிரியில் இடுவது பரவலாகக் காணப்படும் பிழை.

வார்ப்புச் சக்கரக் காலம் (1964க்குப் பின்)

1956இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ரேசிங் நிறுவனத்தின் ஐந்து ஆரக்கால் டார்க் திரஸ்ட் சக்கரம் 1960களில் புகழ் பெற்றது. கிரேகர் எஸ்.எஸ். சக்கரம் 1964இல் வந்தது. 1960களின் நடுப்பகுதியில் பக்கச்சுவரில் மெல்லிய சிவப்புக் கோடுள்ள டயர்கள் நாகரிகமாயின. 1968இல் வெளிவந்த ஹாட் வீல்ஸ் பொம்மைத் தானுந்துகளின் முதல் தொடர்களில் சிவப்புக் கோடு இருந்தது இதன் எதிரொலியே. ரேடியல் டயர்கள் அமெரிக்காவில் பெருமளவில் பரவியது 1970களில் ஆகும்.

அளவு மாற்றக் கணக்கு

1:25 மாதிரிகளில் ஓர் எளிய வழி உண்டு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆகையால், உண்மை வண்டியின் ஓர் அங்குலம் மாதிரியில் 1.016 மில்லிமீட்டர் ஆகும். அதாவது அங்குல எண்ணை அப்படியே மில்லிமீட்டராகக் கொள்ளலாம். பிழை 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

16 அங்குலச் சக்கரம்: 16.3 மி.மீ.
6.00-16 டயரின் விட்டம்: 28.4 மி.மீ.
7.00-16 டயரின் விட்டம்: 30.5 மி.மீ.
3 அங்குல வெள்ளை வளையம்: 3 மி.மீ.
1 அங்குல வெள்ளை வளையம்: 1 மி.மீ.

1:24 மாதிரிகளுக்கு இவ்வெண்களை ஏறத்தாழ 4 விழுக்காடு கூட்ட வேண்டும். 6.00-16 டயர் அங்கு 29.6 மி.மீ. ஆகும். 1:24 டயரை 1:25 வண்டியில் இட்டால் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும்; கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆகவே பெட்டியில் எழுதியுள்ள அளவுவிகிதத்தைவிட, அளவுகோலால் அளந்து அறிவதே நம்பத்தக்கது.

எல்லாப் பாகங்களும் அளவு மாற்றத்துக்கு எளிதில் உட்படுவதில்லை. 6 மி.மீ. தடிப்புள்ள ஓர் ஆரக்கம்பி 1:25இல் 0.24 மி.மீ. ஆக வேண்டும். உருகிய பிளாத்திக்கு அத்துணை நுண்ணிய வழியில் அச்சை நிரப்புவது கடினம். அச்சிலிருந்து எடுக்கும்போது உடையவும் கூடும். அதனால் பிளாத்திக்கு ஆரக்கம்பிகள் தடித்தே காணப்படுகின்றன. அமிலத்தால் அரித்து வெட்டிய உலோகத் தகடுகளும், அண்மைக்காலத்தில் முப்பரிமாண அச்சுப் பாகங்களும் இக்குறையைப் போக்கப் பயன்படுகின்றன.

பாகத்தொகுதிகளின் காலம்

1948இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், ஒரே பெட்டியிலிருந்து மூன்று வகையாகக் கட்டக்கூடிய பாகத்தொகுதிகளை 1958 முதல் வெளியிட்டது. ரெவெல், மோனோகிராம் ஆகிய நிறுவனங்களும் பல ஹாட் ராட் தொகுதிகளை வெளியிட்டன. இங்கு கவனிக்க வேண்டியது, பாகத்தொகுதிக்கும் ஒரு காலம் உண்டு என்பதாகும். 1960களின் தொடக்கத்தில் அச்சு செய்யப்பட்ட 1932 ஃபோர்டு தொகுதியில், அவ்வாண்டுகளில் நாகரிகமாக இருந்த சக்கரங்களே பெரும்பாலும் இருக்கும். அந்த அச்சுகளிலிருந்து பிற்காலத்திலும் தொகுதிகள் மீண்டும் வெளியிடப்பட்டுள்ளன. பெட்டியின் மேல் 1932 என்று எழுதியிருப்பது உடற்கூட்டின் ஆண்டு மட்டுமே. உள்ளிருக்கும் சக்கரத்துக்கு அது சான்று ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரே 1932 ஃபோர்டு திறந்த வண்டியின் இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். உடற்கூடும் நிறமும் ஒன்றே.

முதல் மாதிரி 1948ஐக் காட்டுகிறது. 16 அங்குலம் கொண்ட 1940 ஃபோர்டு எஃகுச் சக்கரங்கள், சிறிய மூடிகள், முன்னால் 27.4 மி.மீ. விட்டமும் பின்னால் 30.5 மி.மீ. விட்டமும் உள்ள கறுப்பு டயர்கள், அவற்றோடு நீர்ம அழுத்த பிரேக் டிரம்கள்.

இரண்டாம் மாதிரி 1961ஐக் காட்டுகிறது. 15 அங்குலப் புரட்டிய குரோமியச் சக்கரங்கள், முன்னால் அகன்ற வெள்ளைப்பக்க டயர்கள், பின்னால் ஸ்லிக்குகள்.

சக்கரங்களும் டயர்களும் மாறியவுடன் வண்டி 13 ஆண்டுகளைக் கடந்துவிடுகிறது. முதல் வண்டி வறண்ட ஏரிக்குப் போகிறது. இரண்டாவது நேர்ப்பாதைப் பந்தயத்துக்குப் போகிறது.

வினைல் டயர்களின் வேதியியல்

பழைய பாகத்தொகுதிகளின் டயர்கள் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் வினைலால் ஆனவை. கடினமான பி.வி.சி.யை இளக்குவதற்காக இளக்கி எனப்படும் எண்ணெய் போன்ற பொருள் அதில் கலக்கப்படுகிறது. இது பிளாத்திக்கோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. எனவே பல ஆண்டுகளில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்துள் புகுந்து அதை உருக்கிவிடுகிறது. அரும்பாடுபட்டுச் செய்த சக்கரம் டயருக்குள் ஒட்டிக் குழைந்து போவதற்கு இதுவே காரணம். டயரும் சக்கரமும் தொடும் இடத்தில் மெல்லிய உலோகத் தாளை இடுவது ஒரு தடுப்பு முறை. பெட்டியில் வைக்கும்போது டயர்களைத் தனியே பிரித்து வைப்பதும் நன்று.

புதிய வினைல் டயர் பளபளப்பாகவும் நடுவில் அச்சுக்கோட்டுடனும் இருக்கும். தரைபடும் பரப்பை மென்மையான உப்புத்தாளால் தேய்த்தால் அக்கோடு நீங்கும். சாலையில் ஓடிய டயருக்குரிய மங்கிய சாம்பற் கறுப்பும் கிடைக்கும்.

சான்றுகளும் கருத்து வேறுபாடும்

ஆண்டு தெரிந்த பழைய நிழற்படமே சிறந்த சான்று ஆகும். மீட்டெடுக்கப்பட்ட வண்டியின் இக்காலப் படத்தை அவ்வாறு கொள்ள இயலாது. ஒரே வண்டி தன் வாழ்நாளில் பலமுறை சக்கரம் மாற்றியிருக்கும். 1997இல் பெபிள் பீச் தானுந்து அழகுப் போட்டியில் வரலாற்று ஹாட் ராட்டுகளுக்குத் தனிப்பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அதில் டோன் ஸ்பென்சரின் 1932 ஃபோர்டு முதலிடம் பெற்றது. இந்நிகழ்வு, மலிவான பாகங்களிலிருந்து பிறந்த வண்டிகளும் வரலாற்று ஆவணமாக மதிக்கப்படத் தொடங்கியதைக் காட்டுகிறது.

ஹாட் ராட் என்பதே விதிகளை மீறியவர்களின் ஆக்கம் என்றும், அதற்குக் காலப்பொருத்தம் வேண்டுவது முரண் என்றும் சிலர் கருதுகின்றனர். தன் விருப்பப்படி அமைக்கும் மாதிரிக்கு இது பொருந்தும். ஆனால் மாதிரியின் அடியில் ஓர் ஆண்டு எழுதப்படுமாயின், அது ஒரு வரலாற்றுக் கூற்று ஆகிறது. கிடைத்த பாகங்களை வைத்து வேகத்தைத் தேடிய இளைஞர்களின் கையில் அன்று என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை அக்கூற்று சரியாகச் சொல்ல வேண்டும் என்பதே காலப்பொருத்தத்தை வலியுறுத்துவோரின் நிலைப்பாடு.